தெருமுனை உணவகமும் மெக்சிகோ மக்களின் வரலாறும்

ஒரு நாட்டின் வரலாற்றை அதன் கோட்டைகளிலும் கல்வெட்டுகளிலும் தேடுவது மரபு. ஆயின், கல்வெட்டில் இடம் பெறாத எளிய மக்களின் வரலாறு வேறிடங்களில் பதிந்து கிடக்கிறது. அவர்கள் நாள்தோறும் உண்ணும் உணவும், அவ்வுணவை விலைக்குத் தரும் சிறு கடைகளும் அத்தகைய இடங்களாகும். மெக்சிகோ நாட்டின் தெருமுனை உணவகம் இதற்குத் தக்கதொரு சான்று.

மெக்சிகோ நகரின் குடியிருப்புப் பகுதிகளில் 'ஃபோந்தா' எனப்படும் சிற்றுணவகங்களைப் பரவலாகக் காணலாம். விரிப்பிட்ட ஒரு சில மேசைகள். வாயிலில் அன்றைய உணவை எழுதி வைத்த பலகை. அடுப்படியில் பெரும்பாலும் பெண்கள். பிற்பகல் ஒரு மணி முதல் நான்கு மணி வரை அங்கே கூட்டம் நிறைந்திருக்கும். அலுவலக எழுத்தரும் கட்டடத் தொழிலாளியும் அடுத்தடுத்து அமர்ந்து உண்பர். 'கொமிதா கொரிதா' என்னும் முழு உணவு அங்கே ஒரே விலைக்குக் கிடைக்கும். முதலில் சூப்பு, அடுத்துச் சோறு அல்லது சேமியா போன்ற பண்டம் (இதனை அவர்கள் 'உலர்ந்த சூப்பு' என்பர்), பின்னர் இறைச்சியோ காய்கறியோ இட்ட குழம்பு, அதனோடு வேகவைத்த அவரை விதை, பருகுவதற்குப் பழம் கரைத்த இனிப்பு நீர். உண்டு எழுந்து செல்பவர், முன்பின் அறியாதவரே ஆயினும், பக்கத்து மேசையினரை நோக்கிப் 'புரொவேச்சோ' என்று சொல்லிச் செல்வார். உண்ணும் உணவு உடலுக்கு நன்மை தருக என்பது அவ்வாழ்த்தின் பொருள்.

இவ்வளவுக்கும் நடுவே, துணியில் சுற்றிய சூடான தோர்த்தியாக்கள் மேசைமீது இருக்கும். தோர்த்தியா என்பது மக்காச்சோள மாவைத் தட்டிச் சுட்ட மெல்லிய வட்ட ரொட்டி. மெக்சிகோ மக்களுக்கு அது சோறு போன்றது. அது இன்றேல் உணவு உணவாகாது. ஆயினும், இந்த எளிய ரொட்டி சற்றொப்ப நானூறு ஆண்டுகள் ஆள்வோராலும் கற்றோராலும் இழிவாகக் கருதப்பட்டு வந்தது. வென்றவர்களின் கோதுமையும், செல்வர்களின் பிரெஞ்சு விருந்தும் அதனை ஒதுக்கி வைத்தன; எல்லைக்கு வடக்கே அதனை விற்றவர்களை நகராட்சி விதிகள் அப்புறப்படுத்தின. இத்தனைக்கும் பின்னர் அது எவ்வாறு பிழைத்தது? அதனைக் காத்தவர் யாவர்? இவ்வினாக்களுக்கு விடை தேடுமிடத்துச் சிற்றுணவகத்தின் வரலாறும் உடன் வெளிப்படுகிறது.

சந்தையில் பிறந்த கடை

உணவை விலைக்கு விற்கும் வழக்கம் ஐரோப்பியர் கொண்டுவந்தது என்று கருதுவோர் உளர். அது தவறு. 1519ஆம் ஆண்டில் ஸ்பானியப் படைத்தலைவன் எர்னான் கொர்த்தேஸ், அஸ்டெக் மக்களின் தலைநகராகிய தெனோச்சித்லானுள் புகுந்தான். ஏரி நடுவே எழுந்த அந்நகரை ஒட்டித் தலாத்தெலோல்கோ என்னும் பெருஞ்சந்தை இருந்தது. 1520இல் தன் மன்னனுக்கு எழுதிய கடிதத்தில், அச்சந்தையில் நாள்தோறும் அறுபதினாயிரம் பேர் வாங்கியும் விற்றும் வந்தனர் என்று அவன் குறித்தான். விலை கொடுத்து உண்ணவும் பருகவும் தக்க வீடுகள் அங்கு இருந்ததையும் அதே கடிதம் கூறுகிறது. வியப்பு மேலிட எண்ணிக்கையைக் கூட்டி எழுதியிருப்பினும், உணவுக் கடைகள் இருந்தமை ஐயத்திற்கு இடமற்றது.

பின்னர் வந்த பெர்னார்தினோ தே சாகுன் என்னும் பாதிரியார், உள்நாட்டு அறிஞர்களின் துணைகொண்டு அம்மக்களின் வாழ்க்கையைப் பன்னிரண்டு நூல்களில் தொகுத்தார். நகுவாத்தல் மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் அமைந்த அத்தொகுப்பு 1577ஐ ஒட்டி நிறைவெய்தியது. சந்தையில் சமைத்த உணவை விற்போரைப் பற்றி அதில் விரிவாகக் காணலாம். பலவகைத் தோர்த்தியாக்கள், சோள மடலில் பொதிந்து ஆவியில் வேகவைத்த தமால்கள், மிளகாயும் தக்காளியும் சேர்ந்த குழம்புகள் ஆகியவை வரிசையாகச் சொல்லப்படுகின்றன. நேர்மையான விற்பனையாளர் யார், கெட்டுப்போன பண்டத்தைத் தலையில் கட்டுபவர் யார் என்றும் அந்நூல் பிரித்துக் காட்டுகிறது. வாங்குவோர் கடைகளைத் தரம் பார்த்துத் தேர்ந்தெடுத்தனர் என்பது இதனால் விளங்கும்.

சுண்ணாம்பின் நுட்பம்

அக்கடைகளின் அடிப்படைப் பொருள் மக்காச்சோளம். தென்மேற்கு மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், தெயோசிந்தே என்னும் காட்டுப் புல்லிலிருந்து ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்னர் மனிதர் அதனைப் பயிராக்கினர் என்பது ஆய்வாளர் முடிபு. விரல் அளவேனும் இல்லாத கதிரையும் கல் போன்ற மணியையும் உடைய அப்புல், தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து விதைத்தமையால் இன்றுள்ள பெருங்கதிராயிற்று.

விளைவித்தது ஒரு திறன் என்றால், சமைத்தது அதனினும் பெரிய திறன். சோள மணியை அப்படியே அரைத்து நீர் சேர்த்துப் பிசைந்தால் மாவு ஒட்டாது. ரொட்டி தட்ட வராது. மெக்சிகோப் பெண்கள் மணியைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையில் தோல் நீங்கக் கழுவி, பின்னரே அரைப்பர். இவ்வாறு பக்குவப்பட்ட சோளத்திற்கு 'நிக்ஸ்தமால்' என்று பெயர். கி.மு. 1500க்கும் 1200க்கும் இடைப்பட்ட காலத்திலேயே இம்முறை வழக்கில் இருந்தமைக்குக் குவாத்தமாலாவின் தென்கடற்கரையில் சான்றுகள் கிடைத்துள்ளன. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் தமிழர்க்கு அப்பொருள் புதிதன்று; ஆனால் நாள்தோறும் உண்ணும் தானியத்திற்கே அதனைப் பயன்படுத்திய திறம் மெக்சிகோவுக்கும் அதன் அண்டை நாடுகளுக்கும் உரியது.

சுண்ணாம்பு செய்யும் வேலை மூன்று. தடித்த தோலை இளக்கிப் போக்குகிறது. மாவு ஒன்றோடொன்று பிடிக்கும்படி செய்கிறது. எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தையும் தருகிறது. இவற்றினும் முதன்மையானது கண்ணுக்குத் தெரியாத மற்றொன்று. சோளத்தில் உள்ள நியாசின் என்னும் உயிர்ச்சத்து, உடல் ஏற்க முடியாத வகையில் கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு அக்கட்டை அவிழ்க்கிறது. சோளத்தோடு அவரை விதையைச் சேர்த்து உண்ணும் வழக்கம், புரதக் குறையையும் நிரப்பிவிடுகிறது.

இந்நுட்பத்தை மதியாதவர் அடைந்த இழப்பு மிகப் பெரிது. ஸ்பானியர் சோள விதையைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். சமைக்கும் முறையை விட்டுச் சென்றனர். அரைப்பதற்கு அங்கே ஆலைகள் இருந்தமையால் சுண்ணாம்பு வேண்டியதில்லை என்று கருதினர் போலும். சோளமே முழு உணவாகிய ஏழை ஊர்களில் விந்தையான நோய் ஒன்று தலைகாட்டியது. தோல் வெடித்துக் கறுத்தது, வயிறு கழிந்தது, அறிவு மயங்கியது, முடிவில் உயிர் போயிற்று. ஸ்பெயினில் காஸ்பர் கசால் என்னும் மருத்துவர் 1735இல் இதனை விவரித்தார். இத்தாலியில் இதற்குப் 'பெல்லாக்ரா' என்று பெயரிட்டனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மாநிலங்களிலும் இந்நோய் பரவிப் பல்லாயிரவரைப் பலி கொண்டது. 1914 முதல் இதனை ஆராய்ந்த ஜோசப் கோல்ட்பெர்கர், இது தொற்றுநோய் அன்று, உணவுக் குறையால் வருவதே என்று நிறுவினார். நியாசினே அக்குறையை நீக்கும் பொருள் என்பது 1937இல் கான்ராட் எல்வெஜெம் செய்த ஆய்வால் புலனாயிற்று. மெக்சிகோவின் அம்மிக்கல் அருகே பள்ளிக்கூடம் அறியாத பெண்கள் மூவாயிரம் ஆண்டுகளாகச் செய்துவந்த செயலின் பொருளை அறிவியல் உலகம் அன்றுதான் முற்றாக உணர்ந்தது.

கோதுமை ஆட்சி

1521இல் தெனோச்சித்லான் வீழ்ந்தது. வென்றவர்கள் கோதுமையை விதைத்தனர். கோதுமை அவர்களுக்கு உணவு மட்டுமன்று. கிறித்துவ வழிபாட்டில் படைக்கப்படும் அப்பம் கோதுமையால் ஆகியதாகவே இருத்தல் வேண்டும் என்பது திருச்சபையின் விதி. ஆகவே கோதுமை ரொட்டி ஆள்வோரின் அடையாளமாகவும், சோள ரொட்டி ஆளப்படுவோரின் அடையாளமாகவும் பிரிந்து நின்றன. உள்நாட்டு உணவை மிகுதியாக உண்டால் ஸ்பானியர் உடலும் மாறிவிடும் என்று அஞ்சியோரும் அக்காலத்தில் இருந்தனர்.

அடுப்படியில் இப்பிரிவினை நெடுநாள் நிலைக்கவில்லை. ஸ்பானியர் கொண்டுவந்த பன்றியும் மாடும் ஆடும் உள்நாட்டுக் குழம்பில் சேர்ந்தன. பன்றிக் கொழுப்பும் பாலடைக்கட்டியும் வெங்காயமும் பூண்டும் சோளத்தோடு உறவு கொண்டன. உணவு விடுதியைக் குறிக்கும் 'ஃபோந்தா' என்னும் சொல்லே கலப்பின் அடையாளம். அது 'ஃபுந்துக்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து ஸ்பானிய மொழியில் நுழைந்து, கடல் கடந்து மெக்சிகோவை அடைந்தது.

கிழக்கிலிருந்தும் பொருள்கள் வந்தன. 1565 முதல் 1815 வரை, பிலிப்பைன்ஸ் தீவின் மணிலாவுக்கும் மெக்சிகோவின் அக்காபுல்கோவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஆண்டுதோறும் ஓடின. மெக்சிகோவில் இன்றும் ஒருவகை மாம்பழத்திற்கு 'மணிலா' என்றே பெயர். ஃபோந்தாவில் குழம்போடு தரப்படும் இனிப்பு நீர்களுள் மக்கள் விரும்பிப் பருகுவது புளியைக் கரைத்த நீர். 'தமரிந்தோ' என்னும் அதன் பெயர், 'இந்தியப் பேரீச்சை' என்று பொருள்படும் அரபுத் தொடரின் திரிபு. மறுபுறம், மெக்சிகோவின் மிளகாயும் தக்காளியும் ஐரோப்பியர் கப்பலேறிக் கீழைநாடுகளை அடைந்தன. மலாய் மொழியில் வழங்கும் 'சிலி', 'தொமாத்தோ' ஆகிய இரு சொற்களும் அஸ்டெக் மக்களின் நகுவாத்தல் மொழிச் சொற்களின் வழிவந்தவையே. மிளகாயின்றிச் சம்பாலும் இல்லை, மீன்குழம்பும் இல்லை என்னும் நிலையில் உள்ள கீழைநாட்டார், மெக்சிகோவின் சமையலறைக்குக் கடன்பட்டவர்களே ஆவர்.

கற்றோர் கூறிய இழிவுரை

மெக்சிகோ 1821இல் விடுதலை பெற்றது. பத்தாண்டுகள் கழித்து, 1831இல், 'எல் கொசினேரோ மெக்சிகானோ' என்னும் சமையல் நூல் வெளிவந்தது. தம் நாட்டுச் சமையலைப் பெருமையோடு எடுத்துரைத்த தொடக்க நூல்களுள் அது ஒன்று. ஆயினும், அரசியல் விடுதலை உணவுக்கு உடனே கிடைத்துவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டுச் சமையல் நூல்களில் சோளப் பண்டங்கள் பெரும்பாலும் தாழ்ந்தோர் உணவாகவே ஓரத்தில் நிறுத்தப்பட்டன.

1876இல் போர்ஃபிரியோ தியாஸ் ஆட்சிக்கு வந்தார். இருப்புப் பாதைகளும் மின்விளக்குகளும் பெருகிய அவர் காலத்தில் செல்வர் கண்கள் பாரிஸ் நகரையே நோக்கின. உயர்ந்த உணவகம் என்றாலே பிரெஞ்சு உணவகம் என்றாயிற்று. 1910 செப்டம்பரில் விடுதலைப் போரின் நூற்றாண்டு விழா பெருஞ்சிறப்போடு கொண்டாடப்பட்டது. அரசு அளித்த பெருவிருந்துகளின் உணவுப் பட்டியல்கள் பிரெஞ்சு மொழியில் அச்சிடப்பட்டன; பரிமாறப்பட்டதும் பிரெஞ்சு உணவே. நாட்டின் பிறந்தநாள் விருந்தில் நாட்டு மக்களின் உணவுக்கு இடமில்லை!

இந்த இழிவுக்கு அறிவியல் சாயம் பூசியவரும் உண்டு. பிரான்சிஸ்கோ புல்னேஸ் என்னும் அரசியல் எழுத்தாளர் 1899இல் வெளியிட்ட நூலில், மனித இனத்தைக் கோதுமை இனம், அரிசி இனம், சோள இனம் என மூன்றாகப் பிரித்தார். முன்னேற்றம் கோதுமை உண்பாருக்கே உரியது. சோளம் உண்பதே மெக்சிகோ உழவரின் தாழ்வுக்குக் காரணம் என்பது அவர் வாதம். இவ்வாதத்தின்படி அரிசி உண்ணும் தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் முன்னேற்றத்திற்கு உரியரல்லர் என்பதை எண்ணிப் பார்த்தால், அதன் பொருளின்மை தானே விளங்கும். ஆயினும் அக்கருத்து மெக்சிகோவின் கற்றோரிடையே பல்லாண்டுகள் செல்வாக்குப் பெற்றிருந்தது. நிலமின்மையும் கூலிக் குறைவும் வறுமைக்குக் காரணம் என்று ஆராய வேண்டிய இடத்தில், ஏழையின் தட்டில் உள்ள ரொட்டியைக் குற்றவாளியாக்குவது ஆள்வோர்க்கு எளிதாயிற்று.

மறுப்பு 1940களில் வந்தது. மெஸ்கித்தால் பள்ளத்தாக்கில் வாழும் ஒத்தோமி என்னும் பழங்குடியினரின் உணவை ஆய்வாளர்கள் அளந்து பார்த்தனர். அம்மக்கள் மிக வறியவர், நிலமோ வறண்டது. சுண்ணாம்பிட்ட தோர்த்தியா, காட்டுக் கீரைகள், கற்றாழையினச் செடியின் சாற்றிலிருந்து ஆகும் 'புல்கே' என்னும் பானம் ஆகியவற்றைக் கொண்டே அவர்கள் எதிர்பார்த்ததற்கு மாறாக நல்ல ஊட்டம் பெற்றிருந்தனர். 1946இல் வெளியான அவ்வாய்வு, சோளத்தின் மீது சுமத்தப்பட்ட பழியைப் பெரிதும் துடைத்தது.

அம்மியிலிருந்து ஆலைக்கு

உணவின் பெருமையைப் பேசும்போது அதன் பின்னுள்ள உழைப்பை மறத்தல் ஆகாது. தோர்த்தியா மாவை அரைக்கும் கல்லுக்கு 'மெத்தாத்தே' என்று பெயர். மூன்று கால்களின் மேல் சற்றே சாய்ந்து நிற்கும் அம்மி அது. அதன் முன் மண்டியிட்டு, இரு கைகளாலும் குழவியைத் தள்ளி அரைக்க வேண்டும். பிறகு மாவைக் கையால் தட்டிக் 'கோமால்' என்னும் தட்டையான சுடுகல்லில் சுட வேண்டும். ஒரு குடும்பத்தின் ஒருநாள் உணவுக்கு ஐந்தாறு மணி நேரம் இவ்வேலைக்கே செல்லும். மாவு அடுத்த நாள் வரை கெடாமல் இராது. ஆதலால் விடிவதற்கு முன் எழுந்து அரைப்பது பெண்களின் அன்றாடக் கடமையாயிற்று.

1900ஐ ஒட்டி நிக்ஸ்தமாலை அரைக்கும் இயந்திர ஆலைகள் நகரங்களில் தோன்றின. 1920களிலும் 1930களிலும் சிற்றூர்களுக்குப் பரவின. எல்லா ஊரிலும் அவற்றுக்கு நல்வரவு கிடைத்துவிடவில்லை. ஆலை மாவின் சுவை குறைவு என்றும், பெண்களுக்கு ஓய்வு மிகுந்தால் ஒழுக்கம் கெடும் என்றும் ஆடவர் பலர் தடுத்தனர். தெப்போஸ்த்லான் என்னும் ஊரில் 1920களில் ஆலை வந்த செய்தியை மானிடவியல் அறிஞர் ஆஸ்கர் லூயிஸ் பதிந்துள்ளார். ஆடவர் எதிர்ப்பை மீறிப் பெண்களே அதனை நிலைபெறச் செய்தனர். நாளில் சில மணி நேரம் அவர்களுக்கு மிஞ்சியது. அந்நேரத்தில் தையல் வேலை செய்தனர், கோழி வளர்த்தனர், சந்தைக்குச் சென்று விற்றனர்.

சமைத்து விற்றோரும் பலர். 1940க்குப் பின் நாட்டுப்புற மக்கள் பெருந்தொகையாக மெக்சிகோ நகரில் குடியேறினர். தொழிற்சாலையிலும் கட்டடப் பணியிலும் சேர்ந்தோர்க்கு நண்பகலில் வீடு திரும்பி உண்ண வழியில்லை. தாம் அறிந்த ஊர்ச் சமையலையே முதலாகக் கொண்ட பெண்கள், வீட்டின் முன்னறையிலும் சந்தையின் ஒரு மூலையிலும் அடுப்பு மூட்டினர். வாஹாக்காவின் கறுத்த 'மோலே' குழம்பும், குவரேரோவில் வியாழக்கிழமைதோறும் உண்ணும் 'பொசோலே' என்னும் சோளக் கஞ்சியும் இவ்வாறு தலைநகரின் தெருக்களை அடைந்தன. ஊரை விட்டு வந்தவனுக்கு ஃபோந்தா வயிற்றை நிரப்பியதோடு, ஊர் நினைவையும் காத்துத் தந்தது.

சோள ரொட்டியில் கறியை வைத்து மடித்து உண்ணும் 'தாக்கோ' கடையும் இதே காலத்தில் ஓங்கியது. தாக்கோ என்னும் பெயர், வெள்ளிச் சுரங்கங்களில் பாறையைப் பிளக்க வெடிமருந்தைத் தாளில் சுற்றி வைத்த பொட்டலத்தின் பெயரிலிருந்து வந்திருக்கலாம் என்பது வரலாற்றறிஞர் ஜெஃப்ரி பில்ச்சரின் கருத்து. லெபனான் நாட்டிலிருந்து குடியேறியவர்கள் 1930களில் புவெப்லா நகரில் செங்குத்துக் கம்பியில் இறைச்சியைக் கோத்துச் சுட்டுத் தம் ரொட்டியில் வைத்து விற்றனர். பின்னர் ஆட்டிறைச்சியின் இடத்தைப் பன்றியிறைச்சியும், அரபு ரொட்டியின் இடத்தைத் தோர்த்தியாவும் பிடித்தன. மிளகாய் விழுதும் அன்னாசித் துண்டும் சேர்ந்தன. 'அல் பாஸ்தோர்' என்று 1960களில் மெக்சிகோ நகரில் புகழ்பெற்ற தாக்கோ இதுவே. வந்தேறியவரின் உணவைத் தன் ரொட்டியில் மடித்துத் தனதாக்கிக் கொள்ளும் ஆற்றல் அச்சிறு கடைக்கு இருந்தது.

எல்லை கடந்த உணவகம்

மெக்சிகோ உணவகத்தின் வரலாறு மெக்சிகோவின் எல்லைக்குள் முடிவதில்லை. 1848இல் போரில் தோற்ற மெக்சிகோ, கலிபோர்னியா உள்ளிட்ட பெரும் நிலப்பரப்பை அமெரிக்க ஐக்கிய நாட்டிடம் இழந்தது. அங்கே வாழ்ந்த மெக்சிகோ மக்கள் இடம் பெயராமலே அயல்நாட்டவர் ஆயினர். 1910இல் மூண்ட புரட்சிக்குப் பின் மேலும் பல்லாயிரவர் வடக்கே சென்றனர்.

டெக்சாஸின் சான் அந்தோனியோ நகரில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மாலை நேரத்தில் மெக்சிகோப் பெண்கள் பொதுச் சதுக்கங்களில் மேசையிட்டு, விளக்கேற்றி, மிளகாயிட்ட இறைச்சிக் குழம்பு விற்றனர். அயலூரார் அவர்களைச் 'சில்லி ராணிகள்' என்று புகழ்ந்தனர். அப்புகழ் அவர்களைக் காக்கவில்லை. ஒரு சதுக்கத்திலிருந்து மற்றொன்றுக்கு அவர்கள் துரத்தப்பட்டனர். 1930களில் நகராட்சியின் சுகாதார விதிகள் இறுகின. 1940களின் தொடக்கத்தில் அவர்கள் மறைந்தே போயினர்.

சுவருக்குள் அமைந்த சிற்றுணவகங்கள் நிலைத்தன. கலிபோர்னியாவின் சான் பெர்னார்தினோ நகரில், மெக்சிகோ மக்கள் வாழ்ந்த மேற்குப் பகுதியில், 1937இல் 'மித்லா கஃபே' என்னும் உணவகத்தை லூசியா ரொட்ரிகெஸ் தொடங்கினார். அக்காலத்தில் அந்நகரின் பொது நீச்சற்குளத்தில் மெக்சிகோ வழியினர் நுழைதல் கூடாது என்று தடுக்கப்பட்டிருந்தனர். அவர்களுள் பலர் அந்நாட்டுக் குடிகளே. உலகப் போரில் அந்நாட்டுக்காகப் போரிட்டோரும் அவர்களில் உண்டு. குறைகளைப் பேசவும் கூடி முடிவெடுக்கவும் ஊர்த் தலைவர்களுக்கு வாய்த்த இடங்களுள் மித்லா கஃபேயும் ஒன்று. பத்திரிகையாளர் இக்னாசியோ லோப்பெஸ் முதலியோர் நகராட்சியை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். 1944இல் கூட்டரசு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. குளத்தின் கதவு திறந்தது. அவ்வழக்கை நடத்திய வழக்குரைஞர் டேவிட் மார்கஸ், பின்னர்ப் பள்ளிகளில் மெக்சிகோக் குழந்தைகளைப் பிரித்து வைப்பதை எதிர்த்த மெண்டெஸ் வழக்கிலும் வாதாடி வென்றார். 1947இல் மேல்முறையீட்டிலும் உறுதிப்பட்ட அத்தீர்ப்பு, நாடு முழுவதும் பள்ளிப் பிரிவினையைச் சட்டத்திற்கு முரண் என்று கூறிய 1954ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு முன்னோடியாயிற்று. தெருமுனை உணவகம் ஊர் மன்றமாகவும் விளங்கியமைக்கு இது தக்க சான்று.

அதே மித்லா கஃபேயின் எதிர்ப்புறத்தில் கிளென் பெல் என்பவர் பொரித்த இறைச்சி ரொட்டிகளை விற்றுவந்தார். மித்லாவின் மொறுமொறுப்பான தாக்கோவுக்குக் கூட்டம் நிறைவதைக் கண்ட அவர், அங்கே சென்று உண்டு, அதன் செய்முறையைக் கற்றுக்கொண்டார். 1962இல் அவர் தொடங்கிய 'டாக்கோ பெல்' நிறுவனம் உலகெங்கும் கிளைகள் பரப்பிப் பெருஞ்செல்வம் ஈட்டியது. தாக்கோவை அமெரிக்கர் பலர் அந்நிறுவனத்தின் வாயிலாகவே அறிந்தனர். கற்பித்த உணவகமோ அதே தெருவில் அதே குடும்பத்தின் கையில் எளிய கடையாகவே தொடர்ந்தது.

அண்மைக் காலமும் வருங்காலமும்

20ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோதனை வேறு வடிவில் வந்தது. 1994இல் வட அமெரிக்க நாடுகளிடையே தடையிலா வணிக உடன்பாடு நடைமுறைக்கு வந்தது; அமெரிக்கச் சோளம் மெக்சிகோவில் வந்து குவிந்தது. தோர்த்தியாவுக்கு அரசு அளித்த உதவித் தொகை 1999இல் நின்றது. ஊறவைத்து அரைத்த ஈரமாவின் இடத்தை ஆலைகளில் ஆகும் உலர்மாவு பல கடைகளில் பிடித்துக்கொண்டது. 2007 சனவரியில் தோர்த்தியா விலை திடீரென்று ஏறியபோது பல்லாயிரவர் தலைநகரில் ஊர்வலம் சென்றனர். கிலோ ஒன்றுக்கு 8.50 பெசோவுக்கு மேல் விற்பதில்லை என்று அரசு வணிகரோடு உடன்பாடு செய்துகொள்ள நேர்ந்தது. சோறு விலையேறினால் ஏழைக்கு என்ன துன்பமோ, தோர்த்தியா விலையேறினால் மெக்சிகோ ஏழைக்கும் அதே துன்பம்.

இதற்கிடையே உலகின் மதிப்பு மாறத் தொடங்கியது. மெக்சிகோவின் மரபுவழிச் சமையலை யுனெஸ்கோ 2010இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. சிங்கப்பூரின் அங்காடி உணவுப் பண்பாடு இதே பெருமையை 2020இல் பெற்றது. 2024இல் பிரெஞ்சு மிஷெலின் வழிகாட்டி, மெக்சிகோ நகரில் 1968 முதல் நடந்துவரும் 'எல் கலிஃபா தே லெயோன்' என்னும் சிறு தாக்கோக் கடைக்கு நட்சத்திரம் வழங்கியது. அமர்ந்து உண்ண இடமின்றி நின்றே உண்ணும் கடை அது. 1910இல் பிரெஞ்சு உணவைப் பரிமாறிய விருந்தில் நுழைய முடியாத தோர்த்தியா, நூற்றுப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் பிரெஞ்சு நடுவரின் கையாலேயே மாலை சூட்டப்பெற்றது.

பாராட்டு மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் பாராட்டு ஒன்றே கடையைக் காக்காது. புகழ் வந்த தெருவில் வாடகையும் விலையும் ஏறுமாயின், அத்தெருவின் பழைய வாடிக்கையாளர் வெளியே நிற்க நேரிடும். உழவன் தன் ஊர்ச் சோளத்தை விளைவித்தால்தான் சுண்ணாம்பு நீரில் இட நல்ல மணி கிடைக்கும். அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு உழைப்பிற்கேற்ற ஊதியம் கிடைத்தால்தான் அவள் மகளும் அத்தொழிலைக் கற்பாள். எழுத்தரும் கூலித் தொழிலாளியும் கொடுக்கத் தக்க விலையில் உணவு கிடைத்தால்தான் ஃபோந்தா ஃபோந்தாவாக இருக்கும்.

மெக்சிகோ உணவு நானூறு ஆண்டு இழிவைக் கடந்து வாழ்ந்ததற்குக் காரணம் எந்த அரசாணையும் அன்று. எந்த அறிஞரின் நூலும் அன்று. விடியற்காலையில் சோளத்தைக் கழுவி அரைத்த பெண்களும், நண்பகலில் காசு கொடுத்து அதனை உண்ட உழைப்பாளரும் அதனைக் காத்தனர். உணவின் தரத்தை அதனை உண்போரின் செல்வத்தைக் கொண்டு அளந்த அறிஞர்கள் பிழைபட்டனர். அவர்கள் ஏளனம் செய்த கடைகளில் இன்றும் அடுப்பு எரிகிறது.